குரங்கணி – மலையடியில் ஒரு சுமைதாங்கி

குரங்கணி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு செய்திதான். 2018 மார்ச்சில் டிவியில் இரவு முழுக்க ஓடிய காட்டுத்தீ. அதற்கு முன்னால் தேனி மாவட்டத்துக்கு வெளியே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் நூறு வருஷங்களுக்கு முன்னால், மூணாறு தேயிலை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப் போனது இந்தச் சின்ன ஊர் வழியாகத்தான். ஒரு விபத்தை மட்டும் வைத்து ஒரு ஊரை ஞாபகம் வைத்துக்கொள்வது அந்த ஊருக்குச் செய்கிற நியாயம் இல்லையே!

எங்கே இருக்கிறது?

தேனிக்கு மேற்கே 15 கிலோமீட்டரில் போடிநாயக்கனூர். ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். போடியிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோடு முந்தல் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வளைந்து வளைந்து மேலே ஏறி, போடிமெட்டு வழியாக மூணாறு போகும். கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலை அது. இன்னொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் தாண்டி, மலை இடுக்குக்குள் போய் குரங்கணியில் முடிந்துவிடும். அதற்கு மேல் பஸ் கிடையாது. மலைதான்.

ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு விளிம்பு தெரியும். அதுதான் டாப் ஸ்டேஷன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அந்த முகடுதான் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் எல்லை. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவோடு போயின. கீழே போடி தமிழ்நாட்டில், மேலே மூணாறு கேரளாவில். ஆனால் மூணாறு எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தான். எல்லைக்கோடு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்த மலைப்பாதைகளில் ஏறிப் போனவர்கள் அவர்கள்.

முதுகில் சுமந்தவர்கள்

தோட்டக்காரத் துரைகளுக்கும் முன்னால் இந்த மலையில் வாழ்ந்தவர்கள் முதுவர்கள். மதுரையில் பாண்டியர் ஆட்சி கலைந்தபோது மீனாட்சி அம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள், அதனால்தான் 'முதுவர்' என்ற பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. இது சரித்திரமா, நம்பிக்கையா என்பது வேறு விஷயம். ஆனால் குரங்கணிக்குப் பக்கத்திலேயே முதுவாக்குடி என்று ஒரு குடியிருப்பு இன்றும் இருக்கிறது. இந்தப் பகுதியின் முதல் கதையே ஒரு சுமை தூக்கிய கதை என்பதைக் கவனியுங்கள். பின்னால் வருகிற எல்லாக் கதைகளும் அப்படித்தான்.

கயிற்றில் இறங்கிய தேயிலை

1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி தொடங்கப்பட்டது. தேயிலை அமோகமாக விளைந்தது. ஆனால் விளைந்த சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது எப்படி? காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரியும், சரக்கின் விலையில் பாதிப் பிரச்சினை போக்குவரத்துச் செலவுதான். அன்றைக்குக் கிடைத்த விடை, மலையிலிருந்து கிழக்குப் பக்கமாக போடிக்கு இறக்கிவிடுவது.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு 'மோனோ ரயில்' போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்கும், சாயாமல் இருக்க பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். பின்னாளில் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய மோனோ ரயிலும் இதே முறைதான். 1908-ல் இதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் நீராவி இன்ஜின் ஓடும் சின்ன ரயில் பாதை போட்டார்கள். இதுதான் குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே.

ரயில் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் கீழே இறங்கும். கயிறு வந்து முடிகிற இடம் குரங்கணி. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன் என்றால் கீழே இருந்த இதற்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே வராத மலைச்சரிவில் ஒரு கிராமத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர் இருப்பதன் ரகசியம் இதுதான்!

குரங்கணியில் இறங்கிய பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்குப் போய், அங்கிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறின. எஸ்டேட்டுக்காரர்களுக்குத் தேவையான அரிசியும் மற்ற சாமான்களும் இதே வழியில் மேலே ஏறின.

சந்திக்காத இரண்டு ரயில்கள்

1924 ஜூலையில் கேரளாவில் வரலாறு காணாத மழை. மலையாள ஆண்டு 1099-ல் வந்ததால் அங்கே இன்றும் '99 வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மண்சரிவிலும் வெள்ளத்திலும் மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை.

நான்கு வருஷம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் குரங்கணி இன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போடி ரயிலின் கதையும் நிம்மதியானது அல்ல. 1942-ல் உலகப் போருக்காகத் தண்டவாளத்தைக் கழற்றிப் போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-ல்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது.

இதற்கிடையில் போடிமெட்டு வழியாக ரோடு வந்து, சரக்கு லாரிக்கு மாறியது. கணக்கு மாறியதும் குரங்கணி கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. கயிற்றில் 5 கிலோமீட்டராக இருந்த தூரம், இன்று போடியிலிருந்து மூணாறு சுற்றி டாப் ஸ்டேஷன் போனால் சுமார் 100 கிலோமீட்டர். மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கு இன்றும் சாமான்கள் குதிரை முதுகில் போகின்றன. தேர்தல் சமயத்தில் ஓட்டு மெஷினும் குதிரையில்தான்!

ஒரே மலை, ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் தீ

தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும். முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது மேகம் காலியாகியிருக்கும். தேனி மலைச்சரிவுகள் அதிகம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. தை, மாசி தாண்டினால் ஆள் உயரப் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். 1924-ல் மலையின் அந்தப் பக்கத்தை வெள்ளம் அழித்ததற்கும், 2018-ல் இந்தப் பக்கம் தீ பிடித்துப் பரவியதற்கும் பூகோளக் காரணம் இந்த ஒரே முகடுதான்.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் அதிகம். மறுநாள் இறங்கும்போது தீ சூழ்ந்துகொண்டது. சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தைவிட அதிகம். காற்றும் சேர்ந்துகொண்டது. பலர் அங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக. மொத்தம் 20 பேருக்கு மேல்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் மலையேறியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். இருட்டில், தீ அடங்காத சரிவில், போர்வையில் கம்பைக் கட்டி டோலி செய்து, காயப்பட்டவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரோடு இல்லாத மலையில் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களை எப்படித் தூக்கி வருவார்களோ அப்படியே. அன்றைக்கு அவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு 2018-லேயே தனி விதிகள் வந்தன. 2024-ல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் இருக்கிறது. வழிகாட்டி, அனுமதிச் சீட்டு, எல்லாம் முறைப்படி. வெளியூர்க்காரர்கள் பத்திரமாக ஏறி இறங்க ஏற்பாடு ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. காட்டை வெட்டக் கூடாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நோயாளியை டோலியில் தூக்குபவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தேயிலைப் பெட்டி இறங்குவதற்கு இதே சரிவில் நூறு வருஷம் முன்பே வழி கிடைத்தது என்பதை மட்டும் மறந்துவிட முடியாது.

பழைய வழிப்பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். தலைச்சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். குரங்கணி அப்படி ஒரு கல். அடுத்த முறை டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுக்கும்போது, பனி விலகினால் ஒரு நிமிஷம் கீழேயும் பாருங்கள். ஆற்றோரத்தில் சில ஓட்டு வீடுகள் தெரியும்.