இழுப்பது வேறு, சுமப்பது வேறு

ஆஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகளில் குடும்பத்தோடு பயணம் செய்வோர் பலர் காரின் பின்னே கேரவனைப் பூட்டிச் செல்கின்றனர். தொழ இடமும், உளூவுக்குத் தண்ணீரும், ஹலாலான சமையலும் கூடவே வருமே என்று எங்களுக்கும் அவ்வாசை பிறந்தது.

"உங்கள் கார் 2,000 கிலோ இழுக்கும், இதுவும் நிறைசுமையோடு 2,000 கிலோதான்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது பொய்யன்று, பாதிக் கணக்கு. கேரவன் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு இணைப்புக் கொக்கி வழியே காரின்மீதே அமர்கிறது. அதாவது 200 கிலோ. எங்கள் கார் சுமக்கக்கூடியது 600. நாங்கள் அறுவர் ஏறினாலே 420. பெட்டி ஒன்றையும் வைக்குமுன்பே 20 கிலோ மிகை! பாரத்தைப் பின்னே தள்ளிக் கொக்கியின் சுமையைக் குறைக்கலாமெனில், கேரவன் வாலாட்டத் தொடங்கிக் காரையும் புரட்டிவிடக்கூடும். பிள்ளைகள் அமானிதம், எதிரே வருவோர் உயிரும் அவ்வாறே.

ஆகவே நிறைசுமை 1,200 கிலோவுள்ள மடிப்புக் கூடார வண்டியைத் தேர்ந்தோம். கொக்கியில் 120 கிலோதான். கையிலிருந்த பணமே போதுமாயிருந்தது; வட்டிக் கடன் வேண்டியிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர்த் தொட்டி மட்டும் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. அதையும் நிரப்பிப் பொது எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபின்பே புறப்படுவோம், இன்ஷா அல்லாஹ்.