விளக்கு வச்ச பிறகு மோர் இல்ல

ஹந்தானை லயத்தில் எங்களிடம் ஒரு மாடு இருந்தது. விளக்கு வச்ச பிறகு யாருக்கும் உறைமோர் கொடுக்கமாட்டோம். "லட்சுமி போயிருவா" என்பார் அம்மாயி. ஒருநாள் வெண்ணெய் திரளவில்லை. முந்தின நாள் மோர் கேட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்காவின் கண்தான் என்றார். நாங்களும் நம்பினோம். பேச்சு நின்றது.

அயர்லாந்திலும் மே 1 அன்று பால், வெண்ணெய், நெருப்பு எதையும் வெளியே கொடுக்கப் பயந்தார்களாம். பேராதனையில் இதைப் படித்துச் சிரித்தோம். அட, நம்ம அம்மாயி!

சூடு ஏறினால் கொழுப்பு இளகும், வெண்ணெய் சேராது. வழக்கமாக விடியலில் கடையும் அம்மாயி, அன்றைக்குக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து மத்தியானம்தான் கடைந்தார்.

அயர்லாந்தில், கடையும் நேரத்தில் வந்தவரையும் கொஞ்சம் கடையச் சொல்வார்களாம். நாங்கள் அக்காவை வாசலிலேயே நிறுத்திட்டோம். மாட்டை வித்தாச்சு. அக்கா இன்னும் எங்க படி ஏறல.