வினைமுற்றி மீளல்

முல்லைத் திணையில் போர் முடிந்து திரும்புகிறவனுக்கு ஒரே கவலைதான்: தேர் விரைய வேண்டும். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லை நூறில் இதற்கென்றே 'தேர்வியங்கொண்ட பத்து' என்று ஒரு பகுதி உண்டு. தலைவன் பாகனை முடுக்கிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் ஒருத்தி நாள் எண்ணிக் காத்திருப்பாள். அவளே தேரில் ஏறி உடன் வந்துவிட்டால் அந்தப் பாட்டு என்னாகும்? பாசறைக்குப் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டதால் புலவர்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. எங்களுக்கு எழுந்தது.

நாங்கள் கணவனும் மனைவியும், தமிழ் முதுகலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சென்ற டிசம்பரில் 350 சிசி என்ஃபீல்டு வண்டியில் மதுரையிலிருந்து புறப்பட்டு ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், பிஜாப்பூர் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து வீட்டை நோக்கிக் கிளம்பினோம். கல்லூரியில் கேட்டவர்களிடம் சாளுக்கியர் கலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். அது பொய்யில்லை. ஆனால் ஆகஸ்டில் மகள் தில்லிக்குப் படிக்கப் போனபின், இரவில் குளிர்பதனப் பெட்டியின் உறுமல் கூடம் வரை கேட்கும் வீடாக எங்கள் வீடு மாறியிருந்தது. அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை; வரைபடத்தை விரித்தோம்.

பாதாமி என்றதும் நம்மவர்களுக்கு 642ஆம் ஆண்டும் நரசிம்மவர்மனும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அங்கே நினைவில் வந்தவர் சிறுத்தொண்டர். வாதாபிப் போரைச் சேக்கிழார் விரைந்து கடந்துவிடுகிறார். மன்னன் விடைகொடுக்க, அந்தப் படைத்தலைவர் ஊர் திரும்பி இல்லறம் நடத்துவதில்தான் அவர் கதை தொடங்குகிறது. வாதாபிக்கு அப்பால் ஒரு வீடும் அதில் ஒரு பிள்ளையும் உண்டு. அந்தக் கதையை அதற்குமேல் எங்களால் பேச முடியவில்லை. குகைப் படிகளில் இறங்கி வந்துவிட்டோம்.

கடைசி நாளுக்கு ஒரு குணம் உண்டு. வழி கேட்க வேண்டியதில்லை; மைல்கற்கள் தமிழில் பேசுகின்றன; சாம்பார் நாம் எதிர்பார்க்கும் சுவையிலேயே இருக்கிறது. வியப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் உடம்பு தன் கணக்கைச் சொல்லத் தொடங்குகிறது. ஓட்டுகிறவரின் உள்ளங்கை மரத்துப்போகிறது. பின்னிருக்கையில் இருப்பவரின் இடுப்பு கடுக்கிறது. அதியமானின் தகடூரான தருமபுரியைக் குளிரில் கடந்தோம். தொப்பூர் இறக்கத்தில் பார லாரிகள் கீழ்க்கியரில் முனகிக்கொண்டு இறங்கின. பிரேக் தீய்ந்த வாடை காற்றில் நின்றது. விபத்துக்குப் பேர்போன சரிவு அது. வழக்கமாக நாங்களும் அங்கே பேச்சை நிறுத்திவிடுவோம். அன்று இருவருமே அந்த மெதுவேகத்தை விரும்பினோம் என்பதைச் சேலம் வந்தபிறகுதான் சொல்லிக்கொண்டோம்.

விரைய வேண்டிய தேர் இப்படித்தான் தயங்கியது. நாமக்கல்லில் ஒரு தேநீர், கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. ஓரத்து இடுக்கு வழியில் தடையின்றிப் போகலாம். நிறுத்திவைக்க எவருமில்லாததால் நாங்களே நிறுத்திக்கொண்டோம். பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் தாண்டும் முன், எத்தனையோ முறை போய்வந்த அந்த இடத்தில் முதன்முறையாக வண்டியை ஓரங்கட்டி ஆற்றைப் பார்த்தோம். அப்போது மகள் கைப்பேசியில் அழைத்தாள்.

"இன்னும் வேலூர்லதான் இருக்கீங்களா? ஆறு மணிக்கே கிளம்புனீங்களேம்மா! இன்னைக்குப் பன்னெண்டாவது நாள், தெரியும்ல? மெதுவா வாங்க. ஆனா வீட்டுக்குள்ள போனதும் மெசேஜ் போடணும். அதுவரைக்கும் நான் தூங்கமாட்டேன்."

பேசி முடித்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "என்னங்க, நாளெண்ணிக் கோடு போடுற சுவரு தில்லியிலல்ல இருக்கு."

அதற்குப் பிறகு நாங்கள் தயங்கவில்லை. கரூர், அரவக்குறிச்சியின் முருங்கைத் தோட்டங்கள், வேடசந்தூர் எல்லாம் ஒரே மூச்சில் போயின. திண்டுக்கல் தாண்டியதும் இடப்புறம் சிறுமலை நெடுந்தூரம் உடன் வந்தது. இருட்டும் முன் போய்விட வேண்டும் என்று பின்னிருக்கையிலிருந்து தோளில் இரண்டு தட்டு விழுந்தது. பேயனாரின் பாகனுக்கும் இப்படி விழுந்திருக்கும்.

வாடிப்பட்டியில் மட்டும் ஒருமுறை நின்றோம். வீட்டில் பால் இருக்காது. கடைக்காரர் பழக்கத்தில் ஒரு லிட்டருக்கு இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். மனைவி ஒன்றை வாங்கிக்கொண்டு, "அரை லிட்டர் போதுங்க" என்றாள்.