‘ஹா?’ என்பது ஒரு சொல்லா?

ஆங்கிலத்தில் எச், யு, எச் என மூன்றெழுத்தில் எழுதப்படும் ‘ஹா?’ அகராதிகளில் வியப்பிடைச்சொற்களின் வரிசையில் ஓர் ஓரமாகக் கிடக்கிறது. காதில் விழாததைத் திரும்பக் கேட்கவும், நம்ப மறுக்கவும், ஏளனம் செய்யவும், எதிர்பாராத செய்தியை மெல்ல ஏற்றுக்கொள்ளவும் அது ஒன்றே பயன்படுகிறது. வாக்கியத்தின் இறுதியில் வந்தால் ‘அப்படித்தானே?’ என்று ஒப்புதல் கோரும். பொருளைத் தீர்மானிப்பது குரலின் ஏற்ற இறக்கமே. எழுத்தில் அது பாதி உயிரை இழந்துவிடுகிறது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் மார்க் டிங்கமான்ஸ், பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்டு ஆகிய மூவரும் இவற்றுள் முதற்பயனை மட்டும் எடுத்து ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். 31 மொழிகளை ஒப்பிட்டதோடு, 10 மொழிகளின் இயல்பான உரையாடற் பதிவுகளை நுணுகிக் கேட்டனர். கானாவின் சிவு, ஈக்வடாரின் சாப்பலா, தென்கிழக்கு ஆசியாவின் லாவோ என உறவற்ற மொழிகள் பல. ஆயினும் சரியாகக் கேளாதவர் எழுப்பும் ஒலி எங்கும் ஏறத்தாழ ஒன்றே: ஓரசை, நாவை அதிகம் உயர்த்தாத உயிரொலி, வினாவின் தொனி.

இத்தகைய ஒப்புமையைக் கண்டதும் வேர்ச்சொல் தேடும் கை பரபரக்கும். தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகியவற்றை வினாவாகக் குறிப்பதைக் காட்டி, உலகுக்கே ‘ஆ?’வைத் தந்தது தமிழ் என்று இரண்டே பக்கத்தில் ‘நிறுவி’விடலாம். ஆனால் ‘அவனா?’ என்பதிலுள்ள ஆகாரம் சொல்லோடு ஒட்டி நின்று அதை வினாவாக்குகிறது. இதுவோ தனித்து நின்று, நடந்துகொண்டிருக்கும் பேச்சையே ஒரு கணம் நிறுத்துகிறது. வேலையே வேறு.

ஆய்வாளர்களின் விளக்கத்தில் பொது மூதாதைக்கு இடமில்லை. மீனான சுறாவும் பாலூட்டியான டால்பினும் ஒரே நீரில் வாழ்ந்து ஒத்த உடலமைப்பைப் பெற்றதுபோல, ஒரே நெருக்கடி ஒரே ஒலியை வார்த்தது. ஒருவர் முடிக்க, மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கே. அதற்குள் ‘விளங்கவில்லை’ என்று உணர்த்த, நாவும் உதடும் அதிகம் உழைக்காத ஓரொலிதான் கைகொடுக்கும்.

அப்படியானால் அது தும்மல் போன்ற வெற்றொலிதானா? இல்லை. ஐஸ்லாந்து மொழியில் இதன் தொனி ஏறாமல் இறங்குகிறது. அம்மொழியின் வினாத்தொனியே அத்தகையது. ஸ்பானிய மொழியில் உயிரொலி எகரத்தின் பக்கம் நகர்கிறது. இவ்வாறு மொழிதோறும் ஒழுங்காக மாறுபடுவதால் குழந்தை இதைக் கற்றே ஆகவேண்டும். தும்மலை எவரும் கற்பதில்லை. இந்த ஆய்வுக்கு 2015இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் படித்தார்களோ!

இவ்வளவு பரவலான சொல்லுக்கு மரியாதை மட்டும் வாய்க்கவில்லை. ஆங்கிலக் குழந்தையை ‘பார்டன்’ என்று கேட்கத் திருத்துகிறார்கள். தமிழ்க் குழந்தையை ‘என்னங்க?’ என்று கேட்கப் பழக்குகிறார்கள். அதே குழுவினர் 12 மொழிகளில் நடத்திய பிறிதோர் ஆய்வில், சாதாரணப் பேச்சில் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை இத்தகைய மறுவினா ஏதேனும் ஒரு வடிவில் எழுவது தெரியவந்தது. கருத்தரங்க அறைகளிலோ ஒரு மணிநேரம் ஒரு ‘ஹா?’கூட இல்லாமல் கழிந்து, கைதட்டலுடன் நிறைவடைகிறது.