டப்பாவில் குறைந்த ஊசி

கோவில்பட்டியில் என்னைத் தையல் டீச்சர் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கைத்தையலும் மெஷின் தையலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னை நம்பிக் கூடிய பெண்களுக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு வேறொருவர் தலைகுனிந்து வீட்டுக்குப் போனார். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துச் சவலாப்பேரி சுப்பிரமணியன். கரிசல் காட்டில் அப்போது பருத்தி எடுப்பு நேரம். அவர் உடல் ஊர் வந்தபோது சுற்றுப்பட்டிச் சனமெல்லாம் திரண்டது. சில நாள் கழித்து எங்கள் தெருவில் ஒரு பேச்சு வந்தது. செத்தவருக்கு மாலை போடுகிறோம். அடிபட்டு உயிரோடு கிடப்பவருக்கு என்ன செய்கிறோம்? கேட்டவர் மதினி. பிற்பாடு கூட்டங்களில் பேசும்போது நானே கேட்டதாகச் சொல்லிக்கொண்டேன். என் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

மதினி எனக்குச் சொந்தமில்லை. பழக்கத்தில் வந்த முறை. பெயரை எழுத மாட்டேன். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் குச்சி வைத்துக் கட்டை அடுக்கியவர். அவருடைய தம்பி பட்டாளத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊர் திரும்பினார். கடைசிவரை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் மதினிதான்.

பழஞ்சேலைகளை அடுக்கி விரிப்பு தைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. அதையே போர்வையாகத் தைத்து, காயம்பட்ட படைவீரர்கள் தங்கியிருக்கும் வடக்கத்தி இல்லம் ஒன்றுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். மேலே துண்டுத் துணிகளை ஒட்டவைத்த முகப்பு. அடியில் வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன வேட்டி. நடுவில் கருங்கண்ணிப் பஞ்சு. கருங்கண்ணி எங்கள் கரிசலின் மானாவாரிப் பருத்தி. இழை குட்டை என்பதால் மில்லில் அதற்கு மதிப்புக் குறைந்துபோனது. போர்வைக்கு உள்ளே வைக்க அது போதும். பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடாமல் இருக்க மூன்று அடுக்கையும் பிடித்து நெடுக ஓட்டுத்தையல் போட வேண்டும். மத்தியானச் சோறு முடிந்ததும் எங்கள் வீட்டு முன்கட்டில் கூடுவோம். பெண்கள் தங்கள் அம்மா கட்டிய சுங்கிடியை, செத்துப்போன புருஷனின் வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதினி தன் தம்பியின் வேட்டியைக் கொடுத்தார்.

முடிச்சை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். “முடிச்சு வெளிய நிக்கக் கூடாது டீச்சர். நமக்குன்னா உறுத்தும், திரும்பிப் படுத்துக்கிடுவோம். அவுகளுக்கு உறுத்துறதே தெரியாது” என்றார். முதுகுத்தண்டு அறுந்தவர்களுக்கு விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆபத்து. ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடாது. தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். அது எலும்புவரை போகும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள். இது தையல் டீச்சருக்குத் தெரியாது. கட்டை அடுக்கியவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சு. 1962 சீனப் போரின்போது நாடெங்கும் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியதைப் பேசுவேன். அமெரிக்காவில் கேத்தரின் ராபர்ட்ஸ், மகன் ஈராக் போருக்குப் போயிருந்த 2003-ல், வீரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் இயக்கத்தைத் தொடங்கியதைப் பேசுவேன். அங்கே இதுவரை லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டார்கள். புனே கிர்க்கியில் 1974 முதல் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் நடப்பதையும், 1965 போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நீந்தித் தங்கம் வென்றதையும் சொன்னால் கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்கு நான் பழகிவிட்டேன். போர்வைகளைவிட என் பேர் எனக்குப் பெரிதாகிக்கொண்டு வந்தது. கூட இருந்தவர்களுக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரியும்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அதற்குள் போர்வைகள் போய்ச் சேர வேண்டும் என்று நாள் குறித்தேன். அனுப்புகிற காலையில் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லியிருந்தேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கடைசி மூலையைத் தைத்து முடித்தோம். தைத்தவள் நான். மற்றவர்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். மதினி ஊசி டப்பாவை மடியில் வைத்து எண்ணினார். தினமும் எண்ணுவார். அவர் எண்ணுவது கண்ணால் இல்லை, விரல் நுனியால். குச்சி அடுக்கிப் பழகிய கை.

“டீச்சர், ஒரு ஊசி குறையுது.”

“கீழ எங்கயாச்சும் கிடக்கும் மதினி. காலையில பெருக்கும்போது பாத்துக்கலாம்.”

“இல்ல டீச்சர், போர்வையைப் பிரிச்சுப் பாத்துருவோம்.”

இந்த இடத்தை நான் வேகமாகக் கடக்கக் கூடாது. என் மெஷின் டிராயரில் காந்தம் இருந்தது. போர்வைகள் மேல் அதை ஓட்டியிருந்தால் அன்றே ஊசி கிடைத்திருக்கும். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஓர் ஊசி முறிந்தால் அத்தனை துண்டும் கிடைக்கும்வரை அந்தத் துணி நகராது. கிடைத்த துண்டுகளைத் தாளில் ஒட்டிப் பதிவேட்டில் வைப்பார்கள். என் மாணவிகளுக்கு இதை வருஷா வருஷம் பாடமாக நடத்தியவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கட்டிய மூட்டைகளை அவிழ்க்க வேண்டும். விடிந்துவிடும். காலையில் படம் எடுக்க வருவார்கள், போர்வைகள் தரையில் பிரிந்து கிடக்கும். அதை நினைத்தேன். படுக்கையில் கிடக்கும் மனிதரை நினைக்கவில்லை.

மதினி மறுபடியும் சொன்னார். நான் குரலை உயர்த்தினேன். “உங்களுக்குக் கண்ணு சரியா தெரியல. எண்ணினதுல தப்பு இருக்கும்” என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் டப்பாவை மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, படத்தில் ஓரமாக நின்றார்.

பொங்கலுக்கு முன்னால் இல்லத்திலிருந்து தபால் வந்தது. மரியாதையான கடிதம். போர்வையை விரித்தபோது ஊழியப் பெண் ஒருவரின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. ஆழமாக இறங்கியதால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. இங்கே இருப்பவர்களில் பலருக்கு உடம்பில் உணர்வு கிடையாது, ஊசி ஏறினாலும் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியவரும் என்று எழுதியிருந்தார்கள். அதனால் நீங்கள் அனுப்பிய போர்வைகள் எதையும் பயன்படுத்த முடியவில்லை, மன்னிக்கவும் என்று முடித்திருந்தார்கள். அவர்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

கடிதத்தோடு ஒரு தாள். அதில் அந்த ஊசியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மெல்லிய ஊசி. ஊசிக்காதில் பொன்பூச்சு. மற்றவர்கள் எல்லோரும் கனத்த ஊசியில் தைத்தார்கள். அந்த மெல்லிய ஊசி என்னுடையது. எங்கள் கூட்டத்தில் வேறு யாரிடமும் அது இல்லை.

அன்று மத்தியானம் பெண்கள் வந்தார்கள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தாளை முன்னமே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். யார் ஊசி என்று ஒருத்தி கேட்டாள். “யாருன்னு சொல்ல? கண் மங்கினவங்களையும் உக்கார வச்சுத் தைச்சா இப்படித்தான் ஆகும்” என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. விரலால் தடவி எண்ணியவருக்குக் கனத்த ஊசியும் மெல்லிய ஊசியும் வேறுவேறு என்று தெரியாமலா இருந்திருக்கும்? எது குறைந்தது என்று அவருக்கு அன்று இரவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். என் மரியாதையைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு மதினி வரவில்லை. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அடுத்து கொரோனா ஊரடங்கு வந்தது. கூட்டம் கலைந்ததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அம்மாவின் சேலையைக் கொடுத்தவள், புருஷனின் வேட்டியைக் கொடுத்தவள், எல்லோருடைய துணியும் எங்கோ ஓர் அலமாரியில் யாருக்கும் உதவாமல் முடங்கியது. அதோடு மதினியின் தம்பி வேட்டியும். கை கிழிந்த ஊழியப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டு ஒரு கடிதம் போடும் துணிவு அன்று எனக்கு இல்லை.

இதை எழுதும் முன் மதினி வீட்டுக்குப் போனேன். தாளோடு ஊசியைக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். “எல்லாரும் இருக்கையில சொன்னீகள்ல டீச்சர், எல்லாரும் இருக்கையில சொல்லுங்க” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று முன்கட்டில் இருந்த பெண்களைத் தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆனால் கதை அதற்குள் தெரு தாண்டிப் போயிருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடிநாளுக்குப் போர்வை தைக்க மறுபடி கூடினால், மதினியைக் கூப்பிட்டு ஊசி டப்பாவை அவர் கையில் கொடுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம்.