மூச்சின் ஓசை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியன் வேறு எதனை எழுதுவான்? ஆயினும், சென்ற ஆண்டு என் படுக்கையருகே எழுந்த ஓர் ஓசை எனக்குக் கற்பித்த பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தேன். பழைய மாணவருள் என் வயதை ஒத்தோர் பலராதலின் அது பயன்படாமற் போகாது.

நான் குறட்டை விடுபவன். அதனை ஒரு நோயின் அறிகுறியாக நான் ஒருபோதும் கருதியதில்லை. ஒருநாள் இடைவேளைக்குப் பின்னர், பத்தாம் வகுப்பில் மாணவன் ஒருவன் பாடத்தை வாசித்துக்கொண்டிருக்க, நாற்காலியில் இருந்தபடியே உறங்கிவிட்டேன். கண்விழித்தபோது பாடவேளை முடியுந் தறுவாயில் இருந்தது. பிள்ளைகள் அனைவரும் சிறு சத்தமுமின்றி அமர்ந்திருந்தனர். அவர்கள் நகைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் காட்டிய இரக்கத்தையே என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம், வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் தெருவை விட்டு விலகி மதகின் ஓரத்தில் நின்றபோதுதான், வைத்தியரிடம் செல்ல உடன்பட்டேன்.

ஓர் இரவு முழுவதும் என் நித்திரையைச் சோதித்தார்கள். மணிக்கு 34 தடவை என் மூச்சு நின்றும் குறைந்தும் போனது தெரியவந்தது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாச வழியை அடைக்கின்றன. குருதியில் ஒட்சிசன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு நம்மைச் சிறிதளவு எழுப்பி மூச்சை மீட்கிறது. இரவு முழுவதும் இவ்வாறு விழித்தெழுபவன் காலையில் அதனை அறியான். இரத்த அமுக்கமும் இருதய நோயும் இதனோடு சேர்ந்து வருவன.

இதற்கெனக் கிடைத்ததே ‘சீபாப்’ எனச் சுருக்கமாக வழங்கும் இயந்திரம். முகத்தில் அணியும் கவசத்தின் வழியாக, இடையறாத அமுக்கத்துடன் வளியைச் செலுத்தி, தொண்டை அடைபடாமற் காப்பது அதன் தொழில். அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து வைத்தியர் கொலின் சலிவன் 1980ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். ஐந்து நோயாளரிடம் அது பலித்ததை 1981இல் ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டே முதலில் வளியை ஊதினராம். அதன் இரைச்சல் எத்தகையதாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இன்றைய இயந்திரமோ மெல்லிய காற்றுப் போல ஒலிப்பது.

என் இயந்திரமும் நான்கு மாதங்கள் அவ்வாறே ஒலித்தது. பின்னர் ஓரிரவு அதன் குரல் மாறியது. முதலில் நீர் கொப்புளிப்பது போன்ற களகளப்பு, அடுத்துச் சீழ்க்கை, விடியற்புறத்தில் கன்னத்தருகே பாம்பு சீறுவது போன்ற சீறல். அடுத்த அறையில் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடையூறாகும் என்று எனக்கு நானே காரணங் கற்பித்து, ஆளியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆறு இரவுகள் சென்றன. பகலில் பழைய மயக்கம் மீண்டும் வந்தது.

ஏழாம் நாள் இரவு மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். “இஞ்சருங்கோ, மெசினைப் போடுங்கோ. அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் நித்திரை கொள்ளுவன். சத்தமில்லாட்டி உங்கட மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறன்,” என்றாள். ஆறு இரவும் அவள் உறங்கவில்லை என்பதை அப்பொழுதே அறிந்தேன். நான் அமைதி என்று எண்ணியது அவளுக்கு அச்சமாய் இருந்தது.

மறுநாள், என்னோடு இக்கல்லூரியிற் பயின்ற நண்பன் ஒருவனை அழைத்தேன். வானொலி திருத்துவது அவன் தொழில். “மச்சான், சத்தத்தை நிப்பாட்டுறது பிறகு. முதல் அது எங்கையிருந்து வருதெண்டு பாப்பம்,” என்றான். 1990களில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், விளக்கு வெளிச்சத்திற் படித்தவர்கள் நாங்கள். வானில் எழும் ஓசையைக் கொண்டே ஹெலியா, பொம்பரா, சகடையா என்று பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை. ஓசையைக் கேட்டும் தப்பாதோர் பலர். ஆயினும் அன்று எவரும் காதைப் பொத்திக்கொண்டு இருந்ததில்லை.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் வளி ஒன்றே; அது தங்கும் இடமும் பொருந்தும் உறுப்புமே எழுத்தொலிகளை வேறுபடுத்துகின்றன என்பது அதன் கருத்து. ஆண்டுதோறும் இதனைக் கற்பிக்கும் எனக்கு, என் தலைமாட்டில் இருந்த இயந்திரத்துக்கும் அவ்விதி பொருந்தும் என்று தோன்றவில்லை!

நண்பன் குழாயைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டினான். களகளப்பு நின்றது, சீழ்க்கை நிற்கவில்லை. ஆகவே முன்னது குழாயில், பின்னது இயந்திரத்தில் என்பது துணிபாயிற்று. இயந்திரத்தைக் கட்டிலினும் உயர்ந்த தட்டில் வைத்திருந்தேன். வெப்பமும் ஈரமும் கொண்ட வளி, மின்விசிறிக் காற்றிற் குளிர்ந்த குழாயினுள் நீராகிப் பள்ளத்தில் தேங்கியது. இயந்திரத்தைத் தாழ்ந்த முக்காலிக்கு மாற்றினோம். குழாய்க்குத் துணி உறையிட்டோம். ஈரத்தின் அளவை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தோம்.

சீழ்க்கைக்குக் காரணம் நானே. கழுவலாகாத வடிகட்டியை, புதியது வாங்கச் சோம்பி, கழுவி உலர்த்தி மீண்டும் செருகியிருந்தேன். செம்மண் தூசியால் அடைபட்டும் ஓரம் நெளிந்தும் இருந்த அதன் இடுக்கில் வளி புகுந்து சீழ்க்கையடித்தது. கொழும்பிலிருந்து புதிய வடிகட்டி வந்ததும் அது ஒழிந்தது. சீறலோ, எண்ணெய்ப்பிசுக்கேறிய முகக்கவசத்தின் ஓரக்கசிவு; நாள்தோறும் மென்மையான சவர்க்காரத்தாற் கழுவ அதுவும் நின்றது.

மோட்டாரே கிறீச்சிட்டாலோ, குழாயில் கருந்துகள் காணப்பட்டாலோ நாமாகத் திறந்து பார்த்தல் தகாது. 2021 ஜூன் மாதத்தில் பெருநிறுவனம் ஒன்று, ஓசையை அடக்குவதற்கென உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சோடு கலக்கக்கூடும் எனக் கண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான இயந்திரங்களை மீள அழைத்தது. அத்தகைய வேளையில் வைத்தியருக்கும் விற்றவருக்கும் உடனே அறிவித்தலே முறை.

வகுப்பில் இரைச்சல் எழுந்தால் ‘பேசாதே’ என்று மேசையைத் தட்டுவது என் நெடுநாள் வழக்கம். இப்பொழுது சற்றே நின்று, அது எந்த வாங்கிலிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்கப் பழகிவருகிறேன்.

நண்பர்களே! உங்கள் குறட்டையைப் பற்றி வீட்டில் உள்ளோர் முறையிட்டால் நகைத்து ஒதுக்காதீர்கள். அவர்கள் இருளில் உங்கள் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருக்கவுங் கூடும். எங்கள் வீட்டில் இப்பொழுது இரவுதோறும் மெல்லிய காற்றோசை கேட்கிறது. என் மனைவி உறங்குகிறாள்.