மெய்யான தீட்டு

தீட்டு என்று ஒரு சொல். இந்நாட்டை அது ஆண்ட அளவுக்கு எந்த மன்னனும் ஆண்டதில்லை. பிறப்பில் தீட்டு, இறப்பில் தீட்டு, நீரில் தீட்டு, நிழலிலும் தீட்டு! எந்தக் கருவிக்கும் அகப்படாத அந்தத் தீட்டுக்கு அஞ்சி முழுகி எழுந்தவர் கோடானுகோடி. ஆனால் தோழர்களே, நுண்ணோக்கியில் காணக்கூடிய, எண்ணிக்கையில் அளந்து சொல்லக்கூடிய, ஆளையே வீழ்த்தக்கூடிய தீட்டு ஒன்று உண்டு. மருத்துவமனைக் குப்பையில் கிடக்கிறது அது. அதற்கு அஞ்சுவோரைத்தான் காணோம்! ஏன்? அந்தக் குப்பையை அள்ளுவோர் யார் என்று பாருங்கள்; விடை கிடைத்துவிடும்.

மருத்துவமனைக் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு வீட்டுக் குப்பை போன்றதே. எஞ்சிய 15 பங்குதான் தீங்குடையது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அந்தப் பதினைந்தைப் பிரித்து வைத்தால், அடக்கக்கூடிய தீங்கு. எல்லாவற்றோடும் கலந்து கொட்டினாலோ, நூறும் நஞ்சு!

பிரிக்கச் சொல்லிச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1998இல் விதிகள் வந்தன. 2016இல் அவற்றினும் செம்மையானவை வந்தன. குருதி தோய்ந்த பஞ்சும் அறுத்தெடுத்த உறுப்பும் மஞ்சள் பைக்கு. குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கு. ஊசியும் கத்தியும் முனை துளைக்காத வெள்ளைப் பெட்டிக்கு. கண்ணாடி நீலப் பெட்டிக்கு. சிறுபிள்ளைக்கும் விளங்கும் ஏற்பாடு. மனிதரை நான்கு வருணமாகப் பிரிக்கச் சலிக்காத நாடு, குப்பையை நான்கு வண்ணமாகப் பிரிக்கச் சலித்துக்கொள்கிறது!

என் தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஓர் அரசு மருத்துவமனையில் பதினொரு நாள் உடனிருந்தேன். சுவரில் நான்கு வண்ணத்தில் அழகான அட்டை தொங்கிற்று. அதன் கீழே ஒரே ஒரு கறுப்புப் பை. அதில் சோற்றுப் பொட்டலமும் இருந்தது, ஊசியும் இருந்தது. ஒரு காலை, அந்தப் பையைத் தூக்கிய துப்புரவுப் பணிப்பெண் சட்டென்று கையை உதறினார். விரலில் குருதி. குழாயடியில் கழுவிவிட்டு, அடுத்த பையை எடுக்கக் குனிந்தார்.

"மருத்துவரிடம் காட்டுங்கள், அக்கா" என்றேன்.

"எதுக்குத் தம்பி? இது புதுசா என்ன? காண்ட்ராக்டரு காதுல விழுந்தா, வேலை பார்க்கத் தெரியலேன்னு நிறுத்திடுவாரு."

வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். "ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டதுண்டா?" என்று கேட்டார் மருத்துவர். "எனக்கா?" என்றார் அந்த அம்மையார். கேலியில்லை, கோபமில்லை, உண்மையான வியப்பு! அள்ளுவோர் அனைவருக்கும் அந்தத் தடுப்பூசியைப் போட்டே ஆக வேண்டும் என்கின்றன 2016 விதிகள்.

அதே வாரம் பயிற்சி மருத்துவர் ஒருவர்க்கும் ஊசி குத்திற்று. ஒரு மணி நேரத்துக்குள் குருதிச் சோதனை, கையில் மாத்திரை. அவருக்குச் செய்தது முறையே, குறை சொல்லவில்லை. நோயுற்றவரின் குருதி பட்ட ஊசி குத்தினால், தடுப்பாற்றல் இல்லாதவர்க்கு ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை என்பது மருத்துவக் கணக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையையோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்தக் கணக்கும் கெடுவும் இருவர்க்கும் பொது. ஊசி ஒன்றே, விரல் வேறு, ஆகவே நீதியும் வேறு! தலைமுறை தலைமுறையாக எந்த மக்களின் தலையில் ஊரின் அழுக்கைச் சுமத்தினோமோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகளே பெரும்பாலும் இன்று அந்தப் பையைச் சுமக்கிறார்கள்.

அவர்களோடு இது நின்றுவிடும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். 2009இல் குஜராத்தின் மொடாசாவில், பயன்படுத்திய ஊசிகளே மீண்டும் பயன்பட்டு, ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் மாண்டனர். 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவு, திருநெல்வேலி மாவட்டச் சிற்றூர்களில் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின்னரே லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. மாநில எல்லையை மதிக்காத குப்பை, மாடி வீட்டையா மதிக்கும்?

தீர்வு பெரிய இயந்திரத்தில் தொடங்கவில்லை. கழிவை எரிக்கும் உலையும் ஆவியில் அவிக்கும் கலனும் வேண்டும்தான். எனினும் கலந்து வந்த குப்பையை எந்த உலையும் பிரித்துத் தராது. ஊசியைப் போட்ட கை எதுவோ, அதே கை அதை அக்கணமே வெள்ளைப் பெட்டியில் இட வேண்டும். "அதற்கு வேறு ஆள் இருக்கிறார்" என்ற நினைப்பிலேதான் சாதி குடியிருக்கிறது.

இளைஞர்களே! உற்றாரைக் காண மருத்துவமனைக்குப் போகிறீர்கள். போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஊசி போடும் இடத்தில் வெள்ளைப் பெட்டி உண்டா? அள்ளுவோர்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? அவர் விரலில் ஊசி குத்தினால், மருத்துவர்க்குக் கிடைக்கும் அதே சிகிச்சை அவர்க்கும் கிடைக்குமா? விடை வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரம் மீண்டும் போய்க் கேளுங்கள். "எனக்கா?" என்று இனியொரு தாய் வியந்து நிற்கும் நிலை, நம் காலத்திலேயே ஒழியட்டும்!